ஆறு பக்கத்தில், சரக்கு மாட்டு முதுகில்: கொள்ளிடக் கரையின் போர்த் தளவாடக் கதை

அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லை கொள்ளிடம். திருமானூர் பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாப் பார்த்திருப்பீங்க, ஒரு கரையிலிருந்து மறுகரை வரை வெறும் மணலாகக் கிடக்கும். ஆடி, ஆவணியில் அதே இடம் கரை தொட்டு ஓடும். மேலே போனால் ஸ்ரீரங்கம், கீழே போனால் வங்காள விரிகுடா. நடுவில் மலை கிடையாது, பெரிய அருவி கிடையாது.

1750களில் திருச்சி மலைக்கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். ரெண்டு பேருக்குமே கப்பல் உண்டு, கடற்கரையில் கோட்டை உண்டு. வெடிமருந்து, குண்டு, பீரங்கி, அரிசி, சாராயம் எல்லாம் கடற்கரையிலிருந்துதான் உள்நாட்டுக்குப் போகணும். அந்தக் கடலில் போய்ச் சேரும் பெரிய ஆறோ சண்டை நடக்கும் இடத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுது. அப்படியிருந்தும் சரக்கில் பெரும்பகுதி மாட்டு முதுகிலும், வண்டியிலும், கூலியாள் தலையிலும்தான் போனது. பிரெஞ்சுக்காரர்களின் சரக்கு நம்ம வாலிகண்டபுரம், ஊட்டத்தூர் வழியாகப் போனது. அந்தப் பாதை அறுந்ததால்தான் 1752-இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு முழுப் படையே ஆயுதத்தைக் கீழே வைத்தது.

ஏன் ஆற்றைப் பயன்படுத்தவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வரலாறு மட்டுமில்லாமல், அதே காலத்தில் அமெரிக்காவில் இதே ரெண்டு நாட்டுக்காரர்கள் நடத்திய இன்னொரு சண்டையும் புரியும். வாங்க, எண்களில் இருந்து ஆரம்பிப்போம்.

ஒரு படைக்கு எவ்வளவு சோறு?

ஒரு சின்னக் கணக்கு. இது ஆவணத்தில் இருக்கும் எண் கிடையாது, அளவு புரிவதற்காக நான் போடும் தோராயம்.

1000 சிப்பாய்கள் இருக்காங்கன்னு வச்சுக்குவோம். ஆளுக்கு நாளைக்கு ஒரு கிலோ அரிசி. ஆக, நாளைக்கு ஒரு டன். ஒரு பொதிமாடு சுமார் 70 கிலோ சுமக்கும் என்றால், நாளைக்கு 15 மாட்டுச் சுமை. பாண்டிச்சேரியிலிருந்து ஸ்ரீரங்கம் 200 கிலோமீட்டருக்குப் பக்கம். பொதிமாடு நாளைக்கு 15 கிலோமீட்டர் நடந்தால் போக 14 நாள், திரும்ப 14 நாள். அப்ப, தினமும் ஒரு டன் போய்ச் சேர வேண்டுமானால் எந்த நேரத்திலும் 15 × 28 = 420 மாடுகள் ரோட்டில் இருக்கணும். வெறும் அரிசிக்கு மட்டும். மாட்டுக்கான தீவனம், மாட்டுக்காரர்களின் சாப்பாடு, காவலுக்குப் போகும் ஆட்களின் சாப்பாடு எதுவும் இதில் சேரவில்லை.

பீரங்கிக்கு வருவோம். கோட்டைச் சுவரை உடைக்கும் 18 பவுண்டர், 24 பவுண்டர் பீரங்கிகளின் இரும்புக் குழாய் மட்டுமே 2 முதல் 2.5 டன் எடை. இதைப் பொதிமாட்டில் ஏற்ற முடியாது. வண்டியில் வைத்துப் பல ஜோடி மாடுகள் பூட்டி இழுக்கணும். மழை பெய்து கரிசல் மண் இளகிவிட்டால் அவ்வளவுதான். பெரம்பலூர்க் கரிசல் காட்டில் ஐப்பசி மாதத்தில் டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்ப ஒரு படகு. பத்து டன் ஏற்றும் படகு என்றால் சுமார் 140 பொதிமாட்டுக்குச் சமம். தீவனம் வேண்டாம், நாலைந்து ஆள் போதும், பீரங்கியையும் ஏற்றலாம். கணக்கைப் பார்த்தால் ஆறுதான் ஜெயிக்கணும். ஜெயித்த இடங்களும் உண்டு.

ஓஹையோவில் ஜெயித்த ஆறு

1753, 1754-இல் திருச்சியைச் சுற்றி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டிருந்த அதே சமயம், வட அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றின் தலைப்பகுதிக்காகவும் மோத ஆரம்பித்தார்கள். அலகேனி, மொனாங்கஹேலா என்ற ரெண்டு ஆறுகள் சேர்ந்து ஓஹையோவாக மாறும் முக்கோணத்தில், 1754-இல் பிரெஞ்சுக்காரர்கள் டுகேன் கோட்டையைக் கட்டினார்கள். இன்றைக்கு அதுதான் பிட்ஸ்பர்க் நகரம்.

அந்த இடத்துக்கு ஏன் அவ்வளவு மவுசு? காரணம் தண்ணீர்தான். கனடாவிலிருந்து பெரிய ஏரிகள் வழியாக வந்து, கொஞ்ச தூரம் தரையில் சுமந்து, ஒரு ஓடையில் இறக்கி, அலகேனியில் மிதந்தால் டுகேன் வந்துவிடும். ஆங்கிலேயருக்கு அப்படி ஒரு தண்ணீர்ப் பாதை கிடையாது. 1755-இல் பிராடாக் தளபதி காட்டை வெட்டி ரோடு போட்டு, வண்டியில் பீரங்கி இழுத்துப் போய், கோட்டைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது தோற்று, உயிரையும் விட்டார். 1758-இல்தான் அந்த இடம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

பிறகு அமெரிக்கா சுதந்திர நாடானதும் அதே பிட்ஸ்பர்க், மேற்கே போகும் படைகளுக்கான கிடங்கு வாசலாக ஆனது. தட்டைப்படகு என்று ஒன்றைக் கட்டுவார்கள். பெரிய மரப்பெட்டி மாதிரி இருக்கும், நீரோட்டத்தோடு மட்டும்தான் போகும். போய்ச் சேர்ந்ததும் பிரித்துப் பலகையாக விற்றுவிடுவார்கள், இல்லை அதிலேயே வீடு கட்டிக்கொள்வார்கள். எதிர்நீச்சல் போட 'கீல்போட்' என்ற நீளமான படகு. அதை ஆட்கள் கழி ஊன்றித் தள்ளியும், கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் மேலே கொண்டுபோகணும். 1793-இல் அந்தோணி வெய்ன் தளபதியின் படை இப்படிப் படகுகளில்தான் ஓஹையோவில் இறங்கி இன்றைய சின்சினாட்டிக்குப் போனது.

அங்கேயும் ஆறு எப்பவும் கைகொடுக்கவில்லை. 1753-இல் பிரெஞ்சுக்காரர்களின் முதல் பயணம், ஓடையில் தண்ணீர் குறைந்ததாலும் நோயாலும் பாதியில் நின்றது. 1791-இல் செயின்ட் கிளேர் தளபதியின் படைக்கு ஆட்களும் சரக்கும் வந்து சேர்வது, ஓஹையோவில் நீர்மட்டம் இறங்கியிருந்ததால் தாமதமானது. சப்ளை காண்டிராக்டர்களின் கோளாறும் சேர்ந்துகொண்டது. அந்தப் படை காலம் தாழ்ந்து, குளிர் தொடங்கிய நவம்பரில், பூர்வகுடிப் படைகளிடம் மிக மோசமாகத் தோற்றது.

ஆக, தண்ணீர் இருந்தால் ஆறு ரோடு. தண்ணீர் இறங்கினால் அதே ஆறு தடங்கல். இதை மனசில் வச்சுக்கிட்டு கொள்ளிடத்துக்கு வருவோம்.

சரிவுதான் முதல் வில்லன்

ஓஹையோ ஆறு பிட்ஸ்பர்க்கில் தொடங்கி மிசிசிப்பியில் சேரும் வரை சுமார் 1580 கிலோமீட்டர். இவ்வளவு தூரத்தில் அது இறங்கும் உயரம் 130 மீட்டர் அளவுதான். கிலோமீட்டருக்கு 8 சென்டிமீட்டர். ஏறக்குறைய சமதளம்.

கொள்ளிடம் முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து கடலில் சேரும் வரை 160 கிலோமீட்டர் அளவு. ஸ்ரீரங்கம் பக்கம் கடல் மட்டத்திலிருந்து உயரம் சுமார் 70 மீட்டர். கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டருக்கு மேல் வருது. தோராயக் கணக்குதான், ஆனாலும் ஓஹையோவைப் போல் ஐந்து மடங்கு சரிவு.

சரிவு அதிகம் என்றால் என்ன ஆகும்? வெள்ளம் வந்தால் வேகமாக வரும், வேகமாக வடியும். மேலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்து அகலமாகப் பரப்பும். ஆறு ஆழமாக ஓடாமல் அகலமாக ஓடும். கொள்ளிடம் என்ற பெயரே வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்றுதான் விளக்கப்படுகிறது. பாசனத்துக்குக் காவிரி, வெள்ளத்துக்கு வடிகாலாகக் கொள்ளிடம். பொதுவாக வடிகாலில் யாரும் கப்பல் விடுவதில்லை.

அடுத்தது காலம். 1934-இல் மேட்டூர் அணை வருவதற்கு முன்னால் காவிரியின் நீர் முழுக்க மழையைப் பொறுத்தது. குடகில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஜூன், ஜூலையில் வெள்ளம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. தை தாண்டினால் மணல்தான். ஓஹையோவுக்கு மழையும் உண்டு, பனி உருகும் நீரும் உண்டு, வருஷத்தில் நிறைய மாதம் ஏதோ ஒரு ஆழம் இருக்கும். இங்கே தண்ணீர் வந்தால் படகு தாங்காத வேகம், தண்ணீர் போனால் படகு மிதக்காத மணல். நடுவில் கிடைக்கும் சில வாரங்களை நம்பி ஒரு முற்றுகையைத் திட்டமிட முடியாது.

இன்னொன்றும் இருக்கு. கடற்கரையிலிருந்து திருச்சிக்குச் சரக்கு போகணும் என்றால் அது எதிர்நீச்சல். ஓஹையோவில் பிட்ஸ்பர்க் மேலே, போர்க்களம் கீழே. கொள்ளிடத்தில் கிடங்கு கீழே, போர்க்களம் மேலே. நீரோட்டமே எதிரி பக்கம் நின்னுச்சுன்னு சொல்லலாம்.

தேவிகோட்டை 1749: ஆறு உதவிய ஒரே இடம்

அப்படின்னா கொள்ளிடத்தில் போர்ச்சரக்கு மிதந்ததே இல்லையா? மிதந்தது, கடைசிச் சில கிலோமீட்டரில்.

கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் தேவிகோட்டை. 1749-இல் அது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்கிடம் இருந்தது. தஞ்சை அரியணை தனக்கே உரியது என்று சொல்லிக்கொண்டிருந்த ஷாஜி, கடலூர் புனித டேவிட் கோட்டையில் இருந்த ஆங்கிலேயரிடம் உதவி கேட்டார். கூலியாகத் தேவிகோட்டையைத் தருவதாகப் பேச்சு. முகத்துவாரத்து மணலை மட்டும் அகற்றிவிட்டால் உள்ளே பெரிய கப்பல்களை நிறுத்தலாம் என்று கும்பெனிக்காரர்களுக்கு ஒரு கனவு இருந்தது. கோரமண்டல் கரையில் இயற்கைத் துறைமுகமே கிடையாது என்பதால் அந்தக் கனவுக்கு மதிப்பு அதிகம்.

முதல் முயற்சி ஏப்ரலில், தரை வழியாக. கேப்டன் கோப் தலைமையில் படை கிளம்பி பரங்கிப்பேட்டை பக்கம் தங்கியிருந்தபோது பெரும் புயல். கடலில் நமூர், பெம்ப்ரோக் என்ற போர்க்கப்பல்கள் அழிந்தன. நமூரில் மட்டும் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். தரையில் கூடாரங்கள் பறந்தன, இழுவை மாடுகள் செத்தன, தளவாடங்கள் பாழாயின. மாடு இல்லை என்றால் படை நகராது. கோப் ஒருவழியாகத் தேவிகோட்டை வரை போயும் ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பினார்.

ரெண்டாவது முயற்சியில் பாடம் கற்றுக்கொண்டார்கள். மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தலைமை. ஆட்கள், கனரகப் பீரங்கி, உணவு எல்லாம் கப்பலில். முகத்துவாரத்துக்கு வெளியே கப்பல்கள் நங்கூரம் போட்டன. அங்கிருந்து படகுகளில் மாற்றி, ஆற்றின் கிளை வழியாக மேலே போய், கோட்டைக்கு எதிர்க்கரையில் இறக்கினார்கள். கடல் ஓதம் ஏறி இறங்கும் கழிமுகப் பகுதி என்பதால் படகுக்குத் தேவையான ஆழம் இருந்தது. எதிர்க்கரையிலிருந்தே பீரங்கியால் சுட்டுச் சுவரைப் பிளந்தார்கள்.

ஆனால் சுவரைப் பிளந்தால் போதுமா? ஆற்றைக் கடக்கணுமே. நீரோட்டம் வேகம், எதிர்க்கரையில் தஞ்சைப் படை. ஜான் மூர் என்ற கப்பல் தச்சர், சில நூறு பேரை ஏற்றக்கூடிய பெரிய தெப்பம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். ராத்திரியில் அவரே ஆற்றில் இறங்கி நீந்திப் போய், எதிர்க்கரையில் ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தார். அந்தக் கயிறு தண்ணீருக்குள்ளேயே கிடந்ததால் எதிரிக்குத் தெரியவில்லை. மறுநாள் அந்தக் கயிற்றைப் பிடித்துத் தெப்பம் கரை சேர்ந்தது. கடக்கும்போதே துப்பாக்கிச் சூட்டில் பலர் விழுந்தார்கள், ஆனால் கோட்டை விழுந்தது. அந்தத் தாக்குதலில் லெப்டினன்டாக இருந்த ராபர்ட் கிளைவ் மயிரிழையில் தப்பினார்.

ஷாஜியை ஓரம்கட்டிவிட்டு, கும்பெனி பிரதாப சிங்கோடேயே உடன்படிக்கை செய்துகொண்டு தேவிகோட்டையை வைத்துக்கொண்டது. அந்தத் துறைமுகக் கனவு பலிக்கவில்லை. ஆனால் ஒரு கிடங்கு கிடைத்தது. அங்கிருந்து தஞ்சை நாட்டு வழியாகத் திருச்சிக்குத் தரைப்பாதை. அடுத்த சில வருஷங்களில் ஆங்கிலேயரைக் காப்பாற்றியது இந்த ஏற்பாடுதான்.

1751: வாலிகண்டபுரத்தில் ஒரு சப்ளை ஆபீசர்

ஆற்காட்டு நவாப் பதவிக்கு ரெண்டு பேர் போட்டி. சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சு ஆதரவு, முகமது அலிக்கு ஆங்கிலேய ஆதரவு. முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் இருந்தார். 1751-இல் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் திருச்சியை நோக்கி வர, கேப்டன் ஜிஞ்சன் தலைமையில் ஆங்கிலேயப் படை வழிமறிக்கப் போனது. ரெண்டு படையும் சந்தித்த இடம் வாலிகண்டபுரம். ஆங்கில ஏடுகளில் 'வோல்கொண்டா' என்று வருவது இதுதான். அங்கே இருந்த கோட்டை, இன்றைக்குச் சென்னை-திருச்சி சாலையில் போகும்போது தெரியும் ரஞ்சன்குடிக் கோட்டை.

கோட்டையின் தலைவர் யார் பக்கமும் சாயாமல் காலம் கடத்தினார். ஜெயிப்பவர் பக்கம் சேரலாம் என்ற கணக்கு. சண்டையில் ஆங்கிலேயப் படை ஒழுங்காக நிற்காமல் பின்வாங்கியது. ஊட்டத்தூர் வந்து, கொள்ளிடம் தாண்டி, கடைசியில் காவிரியையும் தாண்டித் திருச்சிக்குள் போய் ஒளிந்தது. அதோடு திருச்சி முற்றுகை தொடங்கியது.

இந்தப் படையில் கிளைவ் என்ன வேலையில் போனார் தெரியுமா? படைத்தலைவராக இல்லை. கமிசரி, அதாவது ஐரோப்பியப் படைவீரர்களுக்கு உணவுப்பொருள் வாங்கிக் கொடுக்கும் சப்ளை அதிகாரி. 1753-இல் அவர் இங்கிலாந்து திரும்பியபோது கையில் இருந்த செல்வத்தில் நல்ல பங்கு இந்தக் கமிசரி வேலையில் சேர்ந்தது. அரிசி, மாடு, வண்டி, கூலி என்று பார்த்துப் பழகியவருக்கு ஒரு படையின் கழுத்து எங்கே இருக்கும் என்று தெரியாமல் இருக்குமா? அடுத்த வருஷம் அவர் போட்ட திட்டத்தைப் பார்த்தால் இது புரியும்.

1752: பாதையை அறுத்தால் படை விழும்

1752 மார்ச்சில் லாரன்ஸும் கிளைவும் புனித டேவிட் கோட்டையிலிருந்து 400 ஐரோப்பியர், 1100 சிப்பாய்கள், எட்டு பீரங்கிகள், ஏராளமான தளவாடத்தோடு கிளம்பி, தஞ்சை வழியாகத் திருச்சி சேர்ந்தார்கள். பிரெஞ்சுத் தளபதி லா பயந்து, சந்தா சாகிப்போடு ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய்விட்டார்.

தீவு பாதுகாப்பான இடம்தான். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், உள்ளே ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் கோயில்களின் மதில்கள். ஆனால் சோறு? அது பாண்டிச்சேரியிலிருந்து வாலிகண்டபுரம், ஊட்டத்தூர், சமயபுரம் வழியாக வந்து கொள்ளிடம் தாண்டி உள்ளே வரணும். வேறு வழி இல்லை. எங்க சாப்ட்வேர் பாஷையில் இதை 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்போம். ஒரு இடம் விழுந்தால் மொத்தமும் விழும்.

கிளைவ் சொன்ன யோசனை, படையை ரெண்டாகப் பிரிப்பது. லாரன்ஸ் தெற்கே நிற்க, கிளைவ் பாதிப் படையோடு ஏப்ரலில் கொள்ளிடம் தாண்டி வடக்கே போய்ச் சமயபுரத்தில் உட்கார்ந்தார். மணல் காலம், அதனால் கடப்பது சுலபம். லால்குடியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்த தானியக் கிடங்கும் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

பாண்டிச்சேரியில் டூப்ளே சும்மா இருக்கவில்லை. தோத்தேய் என்ற தளபதியிடம் 120 ஐரோப்பியர், 500 சிப்பாய்கள், பெரிய சரக்குத் தொடர் கொடுத்து அனுப்பினார். ஏப்ரல் நடுவில் அவர் ஊட்டத்தூர் வந்துவிட்டார். பாடாலூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஊட்டத்தூர்தான். அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரு நாள், ரெண்டு நாள் நடை. நடுவில் கிளைவ்.

கிளைவ் ராத்திரியோடு ராத்திரியாக வழிமறிக்கக் கிளம்ப, செய்தி தெரிந்து தோத்தேய் ஊட்டத்தூருக்கே திரும்பிவிட்டார். கிளைவ் முகாமில் இல்லை என்று நினைத்து லா ஒரு சிறு படையைச் சமயபுரத்துக்கு அனுப்பினார். அதில் ஆங்கிலேயப் படையிலிருந்து ஓடிப்போன ஆட்கள் இருந்ததால், காவலுக்கு நின்றவனிடம் இங்கிலீஷில் பேசியே உள்ளே நுழைந்துவிட்டார்கள். கிளைவ் அதற்குள் திரும்பி வந்து தூங்கிக்கொண்டிருந்தார். பெரும் குழப்பமான ராத்திரிச் சண்டைக்குப் பிறகு வந்தவர்கள் மடக்கப்பட்டார்கள்.

மே மாதம் கேப்டன் டால்டன் ஊட்டத்தூருக்கு அனுப்பப்பட்டார். கிளைவின் முழுப்படையும் வந்திருப்பதாகத் தோத்தேய் நம்பிவிட்டார். ராத்திரியில் வாலிகண்டபுரத்துக்குப் பின்வாங்கினார். டால்டன் திரும்பி லாரன்ஸிடம் போகலாம் என்று வந்தால் கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிவிட்டது! கடக்க முடியாமல் வடகரையிலேயே கிளைவோடு தங்கினார். அதே தண்ணீர் தீவுக்குள் இருந்த லாவுக்கும் வடக்கு வாசலைச் சாத்தியது. பிச்சாண்டார்கோவிலை கிளைவ் பிடித்ததும், வடகரையிலிருந்தே ஆற்றுக்கு மேலாகச் சந்தா சாகிப்பின் முகாமைப் பீரங்கியால் அடிக்க முடிந்தது. பட்டினியும் குண்டும் சேர, சந்தா சாகிப்பின் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கலைந்து போனார்கள்.

தோத்தேய் இன்னொரு முறை முயன்றார். கிளைவ் துரத்தியதும் மறுபடி வாலிகண்டபுரம் ஓடினார். இந்த முறை கோட்டைத் தலைவர் யார் ஜெயிப்பார் என்று முடிவு பண்ணிவிட்டார். கோட்டைக் கதவு பிரெஞ்சுக்காரருக்குத் திறக்கவில்லை. ஆங்கிலேயக் கணக்கில் மே மாதக் கடைசியில் தோத்தேய் சரணடைந்தார். ஸ்ரீரங்கத்துக்குப் போக வேண்டிய வெடிமருந்துப் பீப்பாய்களும் துப்பாக்கிகளும் நம்ம பெரம்பலூர் மண்ணிலேயே கைமாறின.

(தேதிக்கு ஒரு குறிப்பு: ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய காலண்டரில் இருந்தார்கள். பிரெஞ்சுத் தேதி 11 நாள் முன்னால் இருக்கும். புத்தகத்துக்குப் புத்தகம் தேதி மாறுவதற்கு இதுதான் காரணம்.)

தேவிகோட்டையிலிருந்து வரவழைத்த முற்றுகைப் பீரங்கிகளும் லாரன்ஸிடம் வந்து சேர்ந்தன. லாவுக்கு வேறு வழியில்லை. ஜூனில் 700-க்கும் மேற்பட்ட ஐரோப்பியரும் ஏறத்தாழ 2000 சிப்பாய்களும் சரணடைந்தார்கள். சந்தா சாகிப் தஞ்சைப் படையின் தளபதி மானாஜியை நம்பிப் போய்த் தலையை இழந்தார். பெரிய சண்டை எதுவும் போடாமலே ஒரு படை முடிந்தது, சரக்கு வராததால்.

தண்ணீரே ஆயுதம்

சண்டை அதோடு ஓயவில்லை. 1753, 1754-இல் மைசூர்ப் படையோடு சேர்ந்து பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி முற்றுகை போட்டார்கள். இந்த முறை அவர்கள் ஆங்கிலேயரின் பாதையைக் குறிவைத்தார்கள். 1754 பிப்ரவரியில் திருச்சிக்கு வந்துகொண்டிருந்த சரக்குத் தொடர் ஒன்றை மறித்து, காவலுக்கு வந்த படையையே அழித்தார்கள்.

அதே வருஷம் கோவிலடி பக்கத்தில் காவிரித் தண்ணீர் கொள்ளிடத்துக்குள் வழியாமல் தடுக்கும் கரையைப் பிரெஞ்சுப் படை வெட்டிவிட்டது. தஞ்சை நாட்டின் பாசனத்தையே கெடுத்தால் ஆங்கிலேயருக்குச் சோறு போடும் கை முடங்கும் என்ற எண்ணம். சரக்கைச் சுமக்கப் பயன்படாத ஆறு, விளைச்சலை அழிக்கப் பயன்பட்டது.

சுமந்தது யார்?

இந்தக் கதையை எழுதியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஓர்ம். அவர் எழுத்தில் கேப்டன்களின் பெயர் வரும், பீரங்கியின் எண்ணிக்கை வரும். மாட்டுக்காரர்கள் 'கூலிகள்', 'மாடுகள்' என்று மொத்தமாக வருவார்கள். ஆனால் மேலே போட்ட 420 மாட்டுக் கணக்கை மறுபடி பாருங்க. பிரெஞ்சுப் பக்கம், ஆங்கிலேயப் பக்கம், சந்தா சாகிப், முகமது அலி, மராட்டியக் குதிரைப்படை, மைசூர்ப் படை என்று எல்லோருக்கும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் மாடுகள் வேணும். வியாபாரம் செய்யும் வஞ்சாரி, லம்பாடிக் கூட்டங்களிடம் கொஞ்சம் வாங்கலாம். 1791, 1792 மைசூர்ப் போரில் கார்ன்வாலிஸின் படையைக் காப்பாற்றியது அவர்களின் பொதிமாடுகள்தான். மற்றபடி ஊருக்குள் இருக்கும் உழவு மாடுதான் படைக்கு மாடு.

உழவு மாடு ரோட்டில் செத்தால் அடுத்த ஆடிப் பட்டத்தில் அந்த வயலில் ஏர் ஓடாது. ஓஹையோவில் படகுக்கு மரம் வெட்டினார்கள், மரம் போனது. இங்கே விவசாயியின் முதலே போனது. ஆறு சரக்கைச் சுமக்காததன் விலையைக் கொடுத்தது இந்தப் பாதையோரக் கிராமங்கள்.

பிறகு என்ன ஆச்சு?

ஆற்றைக் கடப்பதே பெரிய வேலை என்பதைப் பின்னால் வந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். மைசூரில் பழகிய ஆர்தர் வெல்லெஸ்லி, 1803-இல் மராட்டியர்களோடு போருக்குப் போகும்போது ஆறுதோறும் பரிசல் கட்டி வைக்க ஏற்பாடு செய்தார். மூங்கில் பின்னி, தோல் போர்த்திய நம்ம காவிரிப் பரிசல் மாதிரியானதுதான். எதிரியால் சட்டென்று கடக்க முடியாத ஆற்றைத் தன்னால் கடக்க முடிந்தால் அதுவே வெற்றி என்பது அவர் கணக்கு. பின்னாளில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் இவர்தான்.

ஆறு ரோடாகவே இருந்த இடமும் இந்தியாவில் உண்டு, கங்கை. கல்கத்தாவிலிருந்து சுனார், அலகாபாத் கோட்டைகளுக்கு கும்பெனியின் ஆயுதங்கள் நாட்டுப் படகுகளில் போயின. 1830களில் நீராவிப் படகும் வந்தது. பனிமலைத் தண்ணீரும், மெதுவான சரிவும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. வங்காளத்திலிருந்து டெல்லி நோக்கி கும்பெனி அவ்வளவு வேகமாகப் பரவியதில் கங்கைக்கும் பங்கு உண்டு.

கொள்ளிடத்தில் 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணையும் கீழணையும் கட்டினார். கீழணை நம்ம அணைக்கரை. அதற்குக் கங்கைகொண்ட சோழபுரம் கோயில் வளாகத்துக் கல்லையும் பெயர்த்து எடுத்துப் போனார்கள் என்பது இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்காத வருத்தம். காட்டன் வாழ்நாள் முழுக்க, ரயிலைவிடப் படகுக் கால்வாய்தான் இந்தியாவுக்கு மலிவு என்று வாதாடியவர். கோதாவரிக் கழிமுகத்தில் அவர் கால்வாய்களில் படகும் ஓடியது. கொள்ளிடத்தில் அவரும் அணைதான் கட்டினார், படகு விடவில்லை. சரிவும் மணலும் அவருக்கும் பதில் சொல்லிவிட்டன.

இப்ப, சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போனால் ரஞ்சன்குடிக் கோட்டை, பெரம்பலூர், பாடாலூர், சமயபுரம், கொள்ளிடப் பாலம் என்று வரிசையாக வரும். தோத்தேய் போக நினைத்து முடியாமல் போன அதே வரிசை. அரியலூர் சிமென்ட் லாரிகளும் ரோட்டில்தான் போகின்றன. அடுத்த முறை போகும்போது ரஞ்சன்குடியில் பத்து நிமிஷம் நிறுத்துங்க. தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ள கோட்டை, மேலே ஏறினால் சுற்றிலும் கரிசல் காடு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெரியும். அந்த உயரத்தில் நிற்பவருக்குத் தெரியாமல் ஒரு மாட்டுவண்டி கூட தெற்கே போயிருக்க முடியாது. அந்தக் கோட்டைக் கதவு யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது என்பதற்கு 1752-இல் அவ்வளவு விலை இருந்தது ஏன் என்பது அங்கே நின்றால் தானாகப் புரியும்.